"புக்கிட் அமானிலிருந்து பேசுகிறோம்": போலி அதிகாரிகளிடமிருந்து நம் பெரியவர்களைக் காக்க ஒரு முழு வழிகாட்டி

பெஸ்தாரி ஜெயா என்று பலகையில் எழுதியிருந்தாலும், எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றியிருந்த தோட்டங்களில் ரப்பர் மரம் சீவியவர்கள், செம்பனைக் குலை வெட்டியவர்கள் பலர் இன்று தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஷா ஆலாமில் வேலை, ஜொகூர் பாருவில் வேலை, சிங்கப்பூரில் வேலை. வங்கியில் கொஞ்சம் சேமநிதிப் பணம், அலமாரியில் நான்கைந்து பவுன் நகை, கையில் பேரன் வாங்கிக் கொடுத்த கைப்பேசி. புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்திலிருந்து பேசுகிறோம், அரசாங்க அதிகாரி என்று சொல்லிக்கொண்டு போன் போடும் கூட்டம் தேடுவது இப்படிப்பட்ட வீட்டைத்தான்.

இது அந்தப் பெரியவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் எழுதியது. மோசடி வகைகளைப் பட்டியல் போட்டு அப்பா அம்மாவிடம் மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கதை மாதத்துக்கு ஒரு தடவை மாறும். ஆனால் அந்தக் கூட்டம் பிடித்துத் தொங்குவது எப்போதும் இரண்டு பயங்களைத்தான். ஒன்று, அரசாங்கத்தின் மேல் உள்ள பயம். இன்னொன்று, பிள்ளைகள் திட்டுவார்கள் என்ற பயம். இந்த இரண்டையும் வீட்டுக்குள் குறைப்பதே பாதி வேலை. மீதி, வங்கியிலும் கைப்பேசியிலும் செய்ய வேண்டிய சில ஏற்பாடுகள்.

அந்த அழைப்பு எப்படி நடக்கிறது

நம் மலேசியாவில் இதை மக்காவ் ஸ்கேம் என்கிறார்கள். பல நேரம் ஒரு பதிவுக் குரலில் தொடங்கும். உங்கள் பெயரில் ஒரு பொட்டலம் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும், விவரம் வேண்டுமானால் இந்த எண்ணை அழுத்துங்கள் என்று சொல்லும். அழுத்தினால் மரியாதையாகப் பேசும் ஒருவர் வருவார். ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணை அவரே சொல்வார், முழுப் பெயரையும் சொல்வார். அங்கேயே நம்பிக்கை வந்துவிடுகிறது, "என் ஐ.சி. நம்பர் தெரிஞ்சிருக்கே, அப்போ அரசாங்கம்தான்" என்று. ஐ.சி. எண்ணும் வீட்டு முகவரியும் எங்கெங்கோ கசிந்து விலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவை தெரிந்திருப்பது எதற்கும் சான்று இல்லை. இதைப் பெரியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

அடுத்து, அந்தப் பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்தது, அல்லது உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு கள்ளப் பணத்துக்குப் பயன்பட்டிருக்கிறது என்பார். நீங்கள் மறுத்தால், "அப்படியானால் உடனே கோத்தா கினாபாலுவுக்குப் போய்ப் புகார் கொடுங்கள்" என்பார். சிலாங்கூரில் இருக்கும் எழுபது வயதுக்காரர் சபாவுக்கு எப்படிப் போவார்? முடியாது என்று தெரிந்துதான் தூர ஊரைச் சொல்கிறார்கள். "சரி பாக்சிக், வயசாயிடுச்சு, போனிலேயே போலீசுக்கு இணைப்புக் கொடுக்கிறேன்" என்று ஒரு சலுகை போலச் சொல்வார். அப்புறம் வருவது 'இன்ஸ்பெக்டர்'. பின்னால் வாக்கி டாக்கி சத்தம் கேட்கும். வீடியோ அழைப்பில் சீருடை தெரியும். வாட்சாப்பில் கைது ஆணை என்று முத்திரை வைத்த ஒரு தாள் வரும், அதில் அம்மாவின் பெயரும் ஐ.சி. எண்ணும் பளிச்சென்று இருக்கும்.

கடைசியாக இரண்டு கட்டளைகள். இது ரகசிய விசாரணை, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களும் மாட்டுவார்கள். போனை வைக்கவும் கூடாது. சில பெரியவர்களை மணிக்கணக்காக, நாள் கணக்காகக்கூட, இப்படி இணைப்பிலேயே வைத்திருப்பார்கள். அதன் பிறகு பணம். "விசாரணை முடியும் வரை பேங்க் நெகாராவின் பாதுகாப்புக் கணக்கில் போட்டு வையுங்கள்" என்றோ, ஏ.டி.எம். கார்டையும் பின் எண்ணையும் கொடுங்கள் என்றோ, கையில் இருப்பதை மெஷினில் போடுங்கள் என்றோ கேட்பார்கள். பணம் தீர்ந்ததும் அடகுக்கடைக்கும் அனுப்புவார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது ஏன் கூடுதலாகக் கடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அரசாங்கக் கடிதம் வந்தால் ஆபீஸ் கிராணி படித்துச் சொல்லி, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய தலைமுறை அது. ஐ.சி.க்காகவும் பிறப்புப் பத்திரத்துக்காகவும் வருடக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் நம்மிடையே இன்னும் உண்டு. கடைத்தெரு மலாய் நன்றாகப் பேசும் பாட்டிக்குக்கூட அலுவலக மலாய் வேகமாக வந்தால் பாதிதான் புரியும். புரியாத பாதியைப் பயம் நிரப்பிக்கொள்ளும். இதை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். பல காலம் அடங்கிப் போனதால்தான் வேலை நிலைத்தது, வீடு நிலைத்தது. அந்தப் பழக்கத்தைத்தான் இந்தத் திருடர்கள் பயன்படுத்துகிறார்கள்.

முதல் படி: உட்கார்ந்து பேசுங்கள், ஆனால் பாடம் நடத்தாதீர்கள்

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ எல்லாரும் வீட்டுக்கு வரும் நேரம் இதற்கு நல்லது. "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, யார் போன் பண்ணாலும் எடுக்காதீங்க" என்று தொடங்கினால் பேச்சு அதோடு முடிந்தது. உங்களுக்கு வந்த ஒரு போலி அழைப்பைச் சொல்லித் தொடங்குங்கள், எல்லாருக்கும் வந்திருக்கும். "அப்பா, இப்படி ஒருத்தன் எனக்குப் போன் பண்ணான், உங்களுக்கும் வந்துச்சா?" என்று கேளுங்கள். பல வீடுகளில் அப்போதுதான், "ஆமாப்பா, போன மாசம் ஒண்ணு வந்துச்சு, சொல்ல வேணாம்னு விட்டுட்டேன்" என்று வாய் திறப்பார்கள்.

அந்த இடத்தில் நீங்கள் கொடுக்க வேண்டிய வாக்கு ஒன்று உண்டு. எவ்வளவு பணம் போனாலும் திட்ட மாட்டோம், உடனே சொல்லுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மருமகள், மருமகன் எல்லாரும் கேட்கும்படி சொல்லுங்கள். பணம் போய் ஒரு மணி நேரத்தில் தெரிந்தால் தடுக்க வழி இருக்கலாம். வெட்கத்தில் மூன்று நாள் மறைத்தால் அந்தப் பணம் பல கணக்குகள் மாறிப் போயிருக்கும். திட்டு விழும் என்ற பயம்தான் அந்த மூன்று நாளைத் திருடனுக்குக் கொடுக்கிறது.

இரண்டாம் படி: உண்மையான அரசாங்கம் என்ன செய்யாது என்று சொல்லிக் கொடுங்கள்

போலீஸ் போனில் விசாரணை நடத்தி முடிப்பதில்லை. சாட்சியாகவோ விசாரணைக்கோ ஒருவரை அழைக்க வேண்டுமென்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111-வது பிரிவின்படி எழுத்து மூலம் உத்தரவு கொடுக்க வேண்டும். கைது ஆணை வாட்சாப்பில் வராது. எந்த போலீஸ்காரரும் உங்கள் பணத்தைப் பாதுகாத்துத் தருகிறேன் என்று கணக்கு எண் கொடுக்க மாட்டார்.

பேங்க் நெகாராவில் பொதுமக்களுக்குச் சேமிப்புக் கணக்கே கிடையாது. ஆகவே 'பேங்க் நெகாரா பாதுகாப்புக் கணக்கு' என்று யார் சொன்னாலும் அது பொய். வருமான வரி வாரியம் தனி ஆள் பெயரில் உள்ள கணக்குக்கு வரி கட்டச் சொல்லாது. நீதிமன்ற சம்மன் பதிவுக் குரலில் வராது.

உதவித்தொகை விஷயம் கொஞ்சம் வேறு. இங்கே மிரட்டல் இல்லை, ஆசை காட்டுவார்கள். எஸ்.டி.ஆர். (ரொக்க உதவி), சாரா (அடிப்படைப் பொருள் வாங்கும் உதவி) போன்ற உதவிகள் அறிவிக்கப்படும்போதெல்லாம் போலி இணைப்புகள் வாட்சாப் குழுக்களில் சுற்றுகின்றன. 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு வழங்கப்பட்ட 100 ரிங்கிட் சாரா உதவியை நினைத்துப் பாருங்கள். அது மைகார்டிலேயே, அதாவது ஐ.சி.யிலேயே, சேர்ந்தது, பதிவு பெற்ற கடையில் கார்டைக் காட்டி அரிசி, எண்ணெய் வாங்கினால் போதும். ஒரு செயலியை இறக்கு, வங்கிக் கடவுச்சொல்லைப் போடு என்று யாரும் கேட்கத் தேவையே இல்லை. இ.பி.எஃப். (சேமநிதி) பணம் சீக்கிரம் எடுத்துத் தருகிறேன், சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பென்ஷனைக் கூட்டித் தருகிறேன் என்பவர்களும் இதே ரகம்தான். சந்தேகம் இருந்தால் அலுவலகக் கவுண்டருக்கு நேரில் போகலாம். பஸ் ஏறிப் போவது அலுப்புத்தான், ஆனாலும் அது பத்திரமான வழி.

மூன்றாம் படி: ஒரே ஒரு வாக்கியம் போதும்

எது உண்மை, எது பொய் என்று போனிலேயே கண்டுபிடிக்கும் பொறுப்பைப் பெரியவர்கள் தலையில் ஏற்றாதீர்கள். அது நமக்கே கஷ்டம். அதற்குப் பதில் ஒரு வாக்கியத்தைப் பழக்குங்கள்: "தாக் அப்பா, நந்தி சாயா பெர்கி பாலாய் செண்டிரி." பரவாயில்லை, நானே நேரில் ஸ்டேஷனுக்குப் போகிறேன். சொன்னதும் போனை வைத்துவிட வேண்டும். பதில் கேட்கக் காத்திருக்கக் கூடாது. பாட்டியை உண்மையிலேயே இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்க்க வையுங்கள். பேரன் இன்ஸ்பெக்டர் மாதிரி அதட்டட்டும், பாட்டி இதைச் சொல்லி வைக்கட்டும். சிரித்துக்கொண்டே பழகியது அவசரத்தில் வாயில் வரும்.

பேச்சின் நடுவில் போனை வைப்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் நம் பெரியவர்கள். நிஜமான அதிகாரியாக இருந்தால் நீங்கள் ஸ்டேஷனுக்குப் போவதை அவர் தடுக்க மாட்டார், கோபித்துக்கொள்ளவும் மாட்டார் என்று விளக்குங்கள்.

ஒரு தாளில் பெரிய எழுத்தில், தமிழில் எழுதிக் கைப்பேசி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அதில் நான்கு வரி போதும்:

போலீஸ், பேங்க், கோர்ட் என்று சொன்னால் போனை வை.
யாருக்கும் சொல்லாதே என்றால் அவன் திருடன்.
மகன் எண், மகள் எண், பக்கத்து வீட்டு எண்.
பணம் போய்விட்டால் 997.

பக்கத்து வீட்டு எண்ணை விட்டுவிடாதீர்கள். நீங்கள் சிங்கப்பூரில் வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாமல் போகலாம். ஐந்து நிமிடத்தில் வாசலுக்கு வரக்கூடிய ஓர் ஆள் ஊரில் வேண்டும். அவரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நான்காம் படி: வங்கியில் செய்ய வேண்டியவை

பெரியவரைக் கூட்டிக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போங்கள். உங்கள் கைப்பேசியில் அவருடைய கணக்கை வைத்துக்கொண்டு நீங்களே நடத்துவது வேண்டாம். பணம் அவருடையது, முடிவும் அவருடையதாக இருக்கட்டும்.

முதலில், தினசரிப் பணம் அனுப்பும் வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள். மளிகைக்கும் பில்லுக்கும் சில நூறு ரிங்கிட் போதும் என்றால் ஆயிரக்கணக்கில் வரம்பு எதற்கு? இணைய வங்கிச் சேவையே அவருக்குத் தேவையில்லை என்றால் அதை நிறுத்திவிடலாம். அடுத்து, அன்றாடச் செலவுக் கணக்கில் சிறு தொகையை மட்டும் வைத்துவிட்டு, மீதியைக் கார்டு இல்லாத நிரந்தர வைப்பில் போடலாம். அதையும் செயலி வழியே உடைக்க முடியுமா என்று கேட்டு, முடியும் என்றால் அந்த வழியை அடைக்கச் சொல்லுங்கள். சில வங்கிகளில் பணத்தைப் பூட்டி வைக்கும் வசதியும் இருக்கிறது. பூட்டிய தொகையை இணையம் வழியாக அனுப்ப முடியாது.

சேமநிதியைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 55 ஆனதும், 60 ஆனதும் மொத்தமாக எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 100 வயது வரை அங்கேயே வைத்திருக்கலாம், லாப ஈவும் வரும். தேவைப்படும்போது கொஞ்சமாக எடுக்கலாம், மாதாமாதம் வருவது போலவும் ஏற்பாடு செய்யலாம். மொத்தப் பணத்தையும் எடுத்துச் சாதாரணக் கணக்கில் போட்டு வைப்பது மோசடிக்காரனுக்கு வசதி செய்து கொடுப்பதுதான்.

நகை, நிலப் பட்டா இவற்றையும் மறக்க வேண்டாம். "அடகு வைக்கிற மாதிரி வந்தால் எனக்கு ஒரு போன் போடும்மா" என்று சொல்லி வையுங்கள்.

ஐந்தாம் படி: கைப்பேசி

2023 முதல் இணைப்புள்ள குறுஞ்செய்திகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தடுக்கத் தொடங்கின. அதனால் திருடர்கள் வாட்சாப்புக்கும் டெலிகிராமுக்கும் நகர்ந்துவிட்டார்கள். ஆகவே அங்கேதான் கவனம் வேண்டும்.

வாட்சாப் அமைப்புகளில் தனியுரிமை, அதில் அழைப்புகள் என்று போனால் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் செய்யும் வசதி இருக்கும். அதைப் போட்டு விடுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போடுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தெரியாத செயலிகளை நிறுவும் அனுமதியை வாட்சாப்புக்கும் உலாவிக்கும் நிறுத்துங்கள். இதற்குக் காரணம், செயலியை நிறுவும் ஏ.பி.கே. கோப்புகள். கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து சம்மன் என்றும், உதவித்தொகைப் படிவம் என்றும் அவை வருகின்றன. நிறுவிவிட்டால் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளை அவர்கள் படிக்கலாம், பணம் அனுப்ப வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணான டேக் (TAC) எண்ணும் அதில் சேரும். கல்யாணப் பத்திரிகை படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரட்டும், செயலியாக வரத் தேவையில்லை.

திரையில் தெரியும் எண்ணையும் நம்ப வேண்டாம். ஸ்டேஷன் எண் போலவே காட்டும்படி செய்ய முடியும். வைத்துவிட்டு, நமக்குத் தெரிந்த எண்ணை நாமே அழுத்திக் கூப்பிட வேண்டும். 997 என்று சொல்லி யாராவது அழைத்தாலும் இதே விதிதான்.

பணம் அனுப்பச் சொல்லி ஒரு கணக்கு எண்ணோ கைப்பேசி எண்ணோ கொடுத்திருந்தால், போலீசின் செமாக் மியூல் தளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம், ஏற்கெனவே புகார் வந்திருந்தால் காட்டும். அங்கே எதுவும் இல்லை என்றால் அது நல்ல கணக்கு என்று அர்த்தம் இல்லை. புதிதாகத் திறந்த கணக்காக இருக்கலாம்.

நடந்துகொண்டிருக்கும்போதே தெரிய வந்தால்

வழக்கமாகப் பேசும் அம்மா திடீரென்று சுருக்கமாகப் பேசுகிறார், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் இருக்கிறார், எதற்கென்று சொல்லாமல் வங்கிக்குக் கிளம்புகிறார். இவை அடையாளங்கள். அந்த நேரத்தில் அவர் உங்களை நம்ப மாட்டார். உங்களைக் காப்பாற்றுவதற்காகத்தான் மறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். போனைப் பிடுங்காதீர்கள். "அம்மா, நானும் உங்களோட ஸ்டேஷனுக்கு வர்றேன், வாங்க போய்க் கேட்டுடலாம்" என்று கூட்டிக்கொண்டு போங்கள். நிஜமான போலீஸ்காரர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து, "மாக்சிக், இனி பெனிப்பு" (அம்மா, இவன் ஏமாற்றுக்காரன்) என்று சொல்வதற்கு இருக்கும் பலம் நம் ஆயிரம் வார்த்தைக்கும் கிடையாது.

இது பிள்ளைகளுக்கு மட்டும் உரியதும் அல்ல. பணம் போடும் மெஷின் முன்னால் ஒரு பெரியவர் காதில் போனை வைத்துக்கொண்டு பதற்றமாக நின்றால், வரிசையில் நிற்கும் நாம் ஒரு வார்த்தை கேட்கலாம். "தாத்தா, யாருக்குப் பணம் போடறீங்க, தெரிஞ்சவங்கதானே?" என்று கேட்டால் யாரும் நம்மை அடிக்கப் போவதில்லை.

பணம் போய்விட்டால்: முதல் ஒரு மணி நேரம்

1. உடனே 997-ஐ அழையுங்கள். இது தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையம். 2022-இல் தொடங்கியது. போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம், வங்கிகள் எல்லாம் சேர்ந்து பணம் போன வழியைப் பிடித்து முடக்கப் பார்க்கும் இடம். கூடவே வங்கியின் மோசடிப் புகார் எண்ணையும் அழைக்க வேண்டும், கார்டின் பின்புறம் உள்ள எண்ணில் கேட்டால் இணைத்துவிடுவார்கள். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொன்றாக அழையுங்கள்.

2. வங்கிச் செயலியில் கணக்கை நாமே முடக்கும் வசதி உண்டு. அது தெரிந்தால் உடனே முடக்குங்கள். ஏ.பி.கே. நிறுவிய கைப்பேசி என்றால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறு கைப்பேசியிலிருந்து வங்கியை அழையுங்கள்.

3. எதையும் அழிக்காதீர்கள். வாட்சாப் உரையாடல், அந்தப் போலிக் கைது ஆணை, கணக்கு எண், கணக்குப் பெயர், பணம் போட்ட ரசீது, அழைப்பு நேரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. போலீஸ் புகார் கொடுங்கள். எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். சம்பவம் வேறு மாநிலத்தில் என்று திருடன் சொன்ன கதையை நினைத்துத் தயங்க வேண்டாம். மலாயில் சொல்லச் சிரமப்படும் பெரியவர் என்றால் கூட ஒருவர் போங்கள். நடந்ததை வரிசையாக முன்பே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பாதிச் சிரமம் குறையும்.

அதற்குப் பிறகு

பணம் முழுவதும் திரும்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. அப்படி ஒருவர் வாக்குக் கொடுத்து, "வழக்கறிஞர் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று வந்தால் அது இரண்டாவது மோசடி. ஏமாந்தவர்களின் பட்டியல் ஒரு கூட்டத்திடமிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. ஆகவே முதல் அடி விழுந்த சில மாதங்களுக்குக் கூடுதல் காவல் வேண்டும்.

ஏமாந்த பெரியவர் சாப்பிடாமல், கோயிலுக்குப் போகாமல், யாரையும் பார்க்காமல் ஒதுங்குவார். இதைப் பணத்தைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். சில வாரத்துக்கு யாராவது ஒருவர் தினமும் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். நடந்ததைக் கல்யாண வீட்டில் கதையாகச் சொல்லாதீர்கள். அவரே சொல்ல விரும்பினால் சொல்லட்டும். படித்த ஆசிரியர்களும் ஓய்வு பெற்ற அதிகாரிகளும் இதே வலையில் விழுகிறார்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள், அது உண்மை.

ஏ.டி.எம். கார்டை இரவல் கொடுக்கும் வழக்கம் சிறு நகரங்களில் பரவியிருக்கிறது. சில நூறு ரிங்கிட்டுக்குக் கணக்கைக் கொடுத்தால் அது மியூல் கணக்காகிவிடும், இன்னொரு பாட்டியின் பணம் அதன் வழியாகத்தான் போகும். 2024-இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, இப்படிக் கணக்கைக் கொடுப்பதே தனிக் குற்றமாகியிருக்கிறது. ஏமாற்றப்பட்டு கார்டைக் கொடுத்துவிட்ட பெரியவர் என்றால், போலீஸ் புகாரில் அதையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

வங்கி தன் பக்கத்தில் தவறியது என்று தோன்றினால் முதலில் வங்கிக்கே எழுத்து மூலம் புகார் கொடுத்து, அவர்களின் இறுதிப் பதிலையும் எழுத்து மூலம் வாங்குங்கள். அதில் திருப்தி இல்லை என்றால் வங்கிகள் மீதான புகார்களைத் தீர்த்துவைக்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவையிடம் போகலாம். 2025 ஜனவரி 1 முதல் இயங்குகிறது, நம்மைப் போன்றவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. வங்கியின் இறுதிப் பதில் வந்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போக காலக்கெடு உண்டு.